மூடியில் இரண்டு பொட்டு

இப்போதெல்லாம் குற்றத்தை ஒத்துக்கொள்வது ரொம்பச் சுலபமாகப் போய்விட்டது. நான் போலீஸில் சாதா கான்ஸ்டபிளாக இருந்த காலத்தில் கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே "எந்தக் கோழி?" என்று கேட்பான் திருடன். இன்றைக்கு யாரும் கேட்கும் முன்பே ஃபோனில் மன்னிப்பு எழுதி, கடைசியில் கும்பிடுகிற கைப் படம் இரண்டு போட்டு அனுப்பிவிடுகிறார்கள். படிக்கிறவனும் அப்படியே நம்பிவிடுகிறான். நான் நம்புவதில்லை. கேட்காமலே ஒருவன் "நான்தான்" என்றால், முதுகுக்குப் பின்னால் வேறு யாரையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

ஹேமநாதன் எழுதியதும் அப்படி ஒரு மன்னிப்புதான். அவன் அப்பா சதாசிவம் செர்டாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். காலையில் பாக்கார் ஆராங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, ஃபோனை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்கு எட்டவில்லை. அஜீசா எடுத்துப் படித்தாள்.

"'செர்டாங் ஆலையில் நடந்த விபத்துக்கு நானே காரணம். அந்தப் பெட்டியில் இருந்த சரிபார்ப்பை நீக்கியது நான். வேறு யாரையும் குறை சொல்ல வேண்டாம்.' கம்பெனி பெரியவங்களுக்கு அனுப்பியிருக்கான். அப்பாவுக்கும் ஒண்ணு."

அஜீசாவைப் பற்றி ஒரு வார்த்தை. சுங்கை பட்டாணியில் அவள் அத்தா நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் என் பழைய நாலு சக்கரக் காடியை ஓட்ட வந்துவிட்டாள். ரிடையர் ஆன பிறகும் துப்பறியச் சொல்லி ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். ஃபோன், கணினி எல்லாம் அவள் பொறுப்பு. சந்தேகம் மட்டும் என் பொறுப்பு. அவள் வாய்க்கு அரசாங்கம் வரி போட்டால் அத்தாவின் கடை ஏலத்துக்குப் போய்விடும்.

விபத்து இதுதான். செர்டாங்குக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. பழக் குலைகளை ஆவியில் வேகவைக்க அங்கே பெரிய இரும்பு உருளை இருக்கிறது. உள்ளே ஆவி இருக்கும்போது அதன் கதவு திறக்கவே கூடாது. திறந்துவிட்டது. எதிரே நின்ற ஆலைத் தொழிலாளி புவனேசன் அங்கேயே உயிரை விட்டான். கதவுப் பூட்டை ஆள்வது சுவரில் மாட்டியிருக்கிற ஒரு கணினிப் பெட்டி. அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனி கூலிம் ஹைடெக் பூங்காவில் இருக்கிறது. ஹேமநாதனுக்கு அங்கேதான் வேலை. நாளைக்கு விசாரணை.

"புவனேசனும் இவனும் ஒரே ஸ்கூலுண்ணே," என்றார் சதாசிவம். "ஒரே மோட்டார் சைக்கிள்ல சுத்துவானுங்க. என் புள்ள தப்பு பண்ணியிருந்தா ஜெயிலுக்குப் போகட்டும். பண்ணாம போகக்கூடாது. எங்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கிறான்."

"பண்ணியிருந்தா என்ன செய்வீங்க?"

அவர் கண் கலங்கியது. எனக்கும் கேட்டிருக்க வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் கூலிம். பூங்காவுக்கு வெளியே ஒரு தேத்தண்ணிக் கடை. ஹேமநாதனுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் சுபாஷினி, கழுத்து அட்டையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், உங்களுக்குக் கம்ப்யூட்டர் எவ்வளவு தெரியும்?"

"ஆறாவது வரைக்கும் தெரியும்."

"அதுலயும் பாதி நாளு ஆத்துலதான் கிடந்திருக்காரு," என்றாள் அஜீசா. "ஸ்லோவா சொல்லும்மா. அண்ணே தன் வீட்டு அட்ரஸையே என்கிட்ட கேட்டுத்தான் சொல்வாரு."

சுபாஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் அழுது வீங்கியிருந்தது.

"பெட்டிக்குள்ள எல்லாத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு அங்கிள். மெஷினோட நெசமான நம்பர். சில நம்பர்ல ஞாபகம் வைக்கிற இடம். ஒரு நம்பர்ல கதவுப் பூட்டு. இன்னொண்ணுல ஸ்கிரீன். நடுநடுவுல ஒண்ணுமே இல்லாத காலி நம்பரும் உண்டு."

"தோட்டத்து லயன் வீட்டு நம்பர் மாதிரி. நடுவுல நாலு வீட்ட இடிச்சிருப்பான். நம்பர் மட்டும் அப்படியே இருக்கும்."

"அதேதான். ஒரு புரோகிராம் வந்து 'இந்த நம்பர்ல இத எழுது'ன்னு கேக்கும். உள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு, எல்லாத்துக்கும் மேல. அதுகிட்ட அந்த மெஷினோட வரைபடம் இருக்கும். எழுத விடறதுக்கு முன்னாடி அது பார்க்கும். இப்படி ஒரு நம்பர் நெசமா இருக்கா? இருந்தா அது ஞாபக இடமா, இல்ல வேற எதாவது புடிச்சு வெச்சிருக்கிற இடமா? பூட்டோட நம்பர்னா பூட்டுக்குன்னு இருக்கிற புரோகிராமைத் தவிர வேற யாரையும் விடாது. காலி நம்பர்னாலும் விடாது. அதத் தொட்டா மெஷினே விறைச்சுப் போயிடும்."

"அப்போ அது ஜாகா. வாசல்ல நிக்கிற காவக்காரன்."

"ஜாகாதான் அங்கிள். ஆனா வர்ற ஆளப் பார்க்கிற ஜாகா இல்ல. அவன் எங்க போறான்னு பார்க்கிற ஜாகா."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. ஆனாலும் நம்பவில்லை. "அன்னிக்கு ஏன் விட்டுச்சு?"

"பூட்டு இருக்கிற நம்பர்ல யாரோ எழுதியிருக்காங்க. தடுக்கவே இல்ல. பெட்டி எங்களுக்கு அனுப்பின கடைசிச் செய்தி அதுதான்." கோப்பையைத் தள்ளி வைத்தாள். "தடுக்காதேன்னு சொல்ல ஒரு வரி இருக்கு. மெஷின் கண் முழிக்கும்போது மொதல்ல படிக்கிற இடத்துல அத எழுதிட்டா, அப்புறம் எந்த நம்பரக் கொடுத்தாலும் அது கேள்வி கேக்காது."

"அப்படி ஒரு வரிய எவன் வெச்சான்?"

"டெஸ்ட் பண்றப்போ எங்களுக்குத் தேவைப்படும்..."

"ஜாகாவையும் வெச்சு, பக்கத்துலயே தூக்க மாத்திரையும் வெச்சு விக்கிறீங்க."

அவள் தலை குனிந்தாள். அவளைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"அந்த வரிய உங்க ஆபீஸ்ல இருந்தே எழுத முடியுமா?"

"முடியாது. ஆலைக்குப் போய் பெட்டி மூடியத் திறக்கணும். கீபோர்ட் சொருகுற இடம் உள்ளதான் இருக்கு."

"ஹேமநாதன் அங்க போனானா?"

"போனேன்னு சொல்றான்."

"நான் அதக் கேக்கல."

"நான் பார்த்த வரைக்கும் அவன் இங்கதான் இருந்தான். லீவு நாள் எனக்குத் தெரியாது."

"உங்க பெரியவங்க கேக்கலையா?"

"அவனே ஒத்துக்கிட்டானே, அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டாங்க."

பாருங்கள். நான் சொன்னேன் அல்லவா?

ஆலைக்குப் போனபோது வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் யோகேஸ்வரன் எங்களை உள்ளே கூட்டிப்போனார். செம்பனை ஆலையில் எப்போதும் காது அடைக்கும். அன்றைக்கு ஒரு குருவி கத்துவது கேட்டது. இரும்பு உருளையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். உள்ளே அள்ளாமல் விட்ட குலைகள் புளித்து நாறின. கீழே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் யாரும் எடுக்காமல் கிடந்தது. அஜீசா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பெட்டிய யாரும் இன்னும் திறக்கல," என்றார் யோகேஸ்வரன். "நாளைக்கு அதிகாரி வந்து திறப்பாரு. சாவி ஒண்ணு புவனேசன்கிட்ட இருந்துச்சு. இன்னொண்ணு மேனேஜர் இடுப்புல."

"பெட்டி நல்லாத்தான் வேலை செஞ்சுதா?"

"எங்க? அடிக்கடி ஸ்கிரீன் உறைஞ்சு போயிடும். உள்ள ஆவி எவ்வளவு இருக்குன்னே தெரியாது. வெளிய லாரி வரிசையா நிக்கும். மேனேஜர் வந்து கத்துவாரு. வாங்கிக் கட்டிக்கிறது புவனேசன்தான். பாவம், எதிர்த்துப் பேசத் தெரியாத புள்ள."

நான் நாடாவுக்கு வெளியே நின்று பெட்டியைப் பார்த்தேன். மேலே சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்த பெரிய பொட்டு ஒன்று. ஆயுத பூஜைக்குப் பூசாரி எல்லா மெஷினுக்கும் வைத்தாராம். அந்த ஆலையில் அது வழக்கம். பூசாரி அவசரக்காரர் போலிருக்கிறது. மூடியின் விளிம்பிலேயே கட்டை விரலை அழுத்தியிருந்தார். பாதிப் பொட்டு மூடியில், பாதி பெட்டியின் உடம்பில்.

அந்த இரண்டு பாதியும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. மூடியில் இருந்த பாதி கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. நடுவில் வெடிப்பு.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு. சின்னது. சந்தனம் இல்லாமல் வெறும் குங்குமம். அதுவும் விளிம்பின் மேல்தான். ஆனால் முழுசாக, உடையாமல்.

"பூசாரி ரெண்டு வெச்சாரா?"

"ஒண்ணுதானே வெப்பாரு," என்றார் மண்டோர். சுற்றிப் பார்த்தேன். மற்ற மெஷின்களில் ஒவ்வொன்றுதான் இருந்தது.

"அண்ணே, உங்க மூஞ்சி மாறுது," என்றாள் அஜீசா. "ஒண்ணு எதையோ கண்டுபுடிச்சிருக்கீங்க. இல்ல, வயித்துல வாயு."

"பூஜைக்கு அப்புறம் இந்த மூடிய யாரோ திறந்திருக்கான். அப்போ பெரிய பொட்டு உடைஞ்சிருக்கு. மூடினப்போ சரியாப் பொருந்தல. அதுக்கப்புறம்தான் சின்னப் பொட்டு. அது உடையல. அப்படின்னா அதுக்குப் பின்னாடி மூடிய எவனும் தொடல."

"கெட்டது பண்ண வந்தவன் பொட்டு வெச்சிட்டா போவான்?"

"அதான் விஷயம். கெட்டது பண்ண வந்தவன் பொட்டு உடைஞ்சதப் பார்க்கவே மாட்டான். தினமும் இந்த மெஷின் முன்னாடி நிக்கிறவனுக்குத்தான் அத அப்படியே விட மனசு வராது."

"அப்போ புவனேசன்தான் வெச்சானா?"

யோகேஸ்வரனின் கையைப் பார்த்தேன். நகக்கண் வரைக்கும் கறுப்பு எண்ணெய். அங்கே கைப்பிடி, சுவிட்ச், தூண் எல்லாவற்றிலும் அதே கறுப்பு விரல் தடம். மூடியின் சாவித் துளையைச் சுற்றியும் அப்பியிருந்தது. சின்னப் பொட்டைச் சுற்றி மட்டும் ஒரு கறை இல்லை.

"திறந்தது ஆலைக்காரன் கை. பொட்டு வெச்சது அந்தக் கை இல்ல."

அஜீசா எட்டிப் பார்த்தாள். "நான் பொட்டு வெக்கிற ஆளு இல்லண்ணே. ஆனா ஸ்கூல்ல கலைமகள்னு ஒருத்தி பக்கத்துல உக்காருவா. கண்ணாடி பார்த்து வெச்சும் அவளுக்கு இவ்வளவு ரவுண்டா வராது. இது வெச்சு வெச்சுப் பழகின விரல். பொம்பள விரலுண்ணே."

ஹேமநாதன் அப்பா கடையின் பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். முகச் சவரம் செய்யவில்லை. எங்களைப் பார்த்ததும், மனப்பாடம் பண்ணிய பிள்ளை மாதிரி ஆரம்பித்தான்.

"நான்தான் அங்கிள். எல்லாம் நான்தான். அதுக்கு மேல கேக்காதீங்க."

"மூடிய நீயா திறந்த?"

"நான்தான்."

"எப்போ?"

"பூஜைக்கு அப்புறம். ஒரு ஞாயித்துக்கிழமை."

"மூடி மேல பூசாரி வெச்ச பொட்டு இருந்திருக்குமே. அத என்ன செஞ்ச?"

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. கண் ஒரு தடவை அலைந்தது.

"துடைச்சிட்டேன்."

"எதால?"

"கைக்குட்டையால."

"சுத்தமான பிள்ளை," என்றாள் அஜீசா. "எங்க கடையில பிளேட் கழுவ வரியா தம்பி?"

"பொட்டு அங்கேயேதான் இருக்கு," என்றேன். "ஒண்ணு இல்ல, ரெண்டு. நான் பார்த்துட்டுத்தான் வரேன். நீ அந்தப் பெட்டி பக்கமே போகல. மூடியத் திறந்தது புவனேசன்."

அவன் அப்படியே மூட்டை மேல் சரிந்தான். சத்தம் வராமல் அழுதான். அழுகையையும் நான் லேசில் நம்புகிறவன் இல்லை. இது நிஜம்.

"ஃபோன் பண்ணினான் அங்கிள். மத்தியானம். ஸ்கிரீன் உறைஞ்சு போச்சு, உள்ள ஆவி எவ்வளவுன்னு தெரியல, மேனேஜர் பின்னாடி நின்னு கத்தறாரு. 'உனக்குத் தெரியாததாடா, எதாவது சொல்லு'ன்னான். சொன்னேன். மூடியத் திறக்கச் சொன்னதும் நான்தான். தடுக்காதேங்கிற வரியச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். பெட்டி மறுபடி எழுந்துச்சு. ஸ்கிரீன் மட்டும் எழல. மூடிய மூடச் சொல்லிட்டு, ஸ்கிரீனை எழுப்புற நம்பரச் சொன்னேன். அத முன்னாடி இருக்கிற பட்டன்லயே அடிக்கலாம். அடிச்சான்."

"தப்பான நம்பரா?"

"சரியான நம்பர்." முகத்தைத் துடைத்தான். "என் மேசை மேல இருக்கிற புதுப் பெட்டிக்குச் சரியான நம்பர். ஆலையில இருந்தது பழைய பெட்டி. பழையதுல அதே நம்பர்ல ஸ்கிரீன் இல்ல. கதவுப் பூட்டு. எனக்கு அது பழையதுன்னு தெரியாது. அவனுக்கும் தெரியாது. வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். தெரிஞ்சது கெர்னலுக்கு மட்டும்தான். அதோட வரைபடத்துல சரியா இருந்திருக்கும். சரிபார்ப்ப விட்டு வெச்சிருந்தா, 'அது பூட்டோட இடம், முடியாது'ன்னு திருப்பி அனுப்பியிருக்கும். அவன் என்னைத் திட்டியிருப்பான். நான் சிரிச்சிருப்பேன்."

நான் எதிர் மூட்டையில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு வகைப் பெட்டி இருக்குன்னு ஆலைக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பழசையெல்லாம் மாத்தணும்னு நான் மீட்டிங்ல கேட்டேன். பாக்கலாம்னாங்க."

"இத நாளைக்குச் சொல்லாம, எல்லாத்தையும் உன் தலையில ஏன் போட்டுக்கிற?"

"பட்டன அடிச்சது அவன் கைன்னு பிச்சையம்மா அத்தைக்குத் தெரியணுமா? அவங்களுக்கு ஒரே புள்ள. நான் கொன்னேன்னு இருந்தா என்னைத் திட்டலாம், மண்ண வாரித் தூத்தலாம். தன் கையாலேயே போனான்னா யாரத் திட்டுவாங்க?"

நான் விடவில்லை.

"நம்பர் சொல்றதுக்கு முன்னாடி அவன் யார்கிட்டயாவது பேசினானா?"

யோசித்தான். "மூடிட்டேன்டான்னான். கொஞ்சம் இருடான்னு சொல்லிட்டு, அங்க யார்கிட்டயோ என்னமோ சொன்னான். அப்புறம்தான் நம்பரக் கேட்டான்."

மத்தியானம், சோற்று நேரம். ஆலைக்குள் வருகிற, எண்ணெய் படாத கை. பொட்டு வைத்துப் பழகிய விரல். நான் அஜீசாவைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே காடிச் சாவியை எடுத்துவிட்டாள்.

பிச்சையம்மாள் ஆலைக்குப் பின்னால் வரிசை வீட்டில் இருந்தாள். வாசலில் புவனேசனின் மோட்டார் சைக்கிள் துணி போட்டு மூடியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு கீரை என்று எனக்குத் தோன்றியது. கை பழக்கத்தில் செய்திருக்கும்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அம்மா, பெட்டி மேல சின்னப் பொட்டு வெச்சது நீங்கதானே?"

எந்தப் பெட்டி, எந்தப் பொட்டு என்று அவள் கேட்கவில்லை.

"நான்தான் ஐயா. சோறு கொண்டு போனேன். ஃபோன காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிட்டு நின்னான். 'அம்மா, மூடியத் திறந்தேன், பூஜைப் பொட்டு உடைஞ்சு போச்சு, என் கையெல்லாம் அழுக்கு, நீ ஒண்ணு வெச்சிட்டுப் போ'ன்னான். முந்தானையில கோயில் குங்குமம் முடிஞ்சு வெச்சிருந்தேன். வெச்சேன். சாமிய வேண்டிக்கிட்டுத்தான் வெச்சேன்." கீரைக் காம்பைக் கிள்ளினாள். "மங்குப் பாத்திரத்தத் திருப்பிக் கொண்டு வந்துடுடான்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். ஆலை கேட்டைக்கூடத் தாண்டல. சத்தம் கேட்டுச்சு."

அஜீசா அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.

"ஃபோன்ல இருந்தது யாருன்னு தெரியுமா?"

"என் வீட்டுல சோறு தின்ன புள்ள. அவன் குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா யார்கிட்டயும் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா அவனப் புடிச்சிட்டுப் போவாங்க. ஒருத்தன் போயிட்டான். இன்னொருத்தனையும் நானே கை காட்டி விடவா? பெட்டி தானாக் கெட்டுப் போச்சுன்னு இருந்துட்டுப் போகட்டும். அவன் சாகணும்னா சொல்லியிருப்பான் ஹேமு? கூப்பிட்டதும் உதவி பண்ணியிருக்கான்."

இவள் அவனை மறைக்கிறாள். அவன் இவள் பிள்ளையை மறைக்கிறான். ஒருவர் செய்வது ஒருவருக்குத் தெரியாது. நாற்பது வருஷமாகப் பொய்யைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறேன். இப்படிப்பட்ட பொய்யின் முன்னால் நின்றதில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆனாலும் சொன்னேன். சொல்லாமல் விட என்னால் முடியாது. "நாளைக்கு அவன் போய் எல்லாத்தையும் தானே பண்ணினேன்னு சொல்லப் போறான். உங்க புள்ள கை அதுல இல்லைன்னு காட்டறதுக்கு. அப்படிச் சொன்னா வேணும்னே பண்ணினான்னு உள்ள வெச்சிடுவாங்க."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டாள்.

"காடி இருக்கா?"

கடையின் பின்கட்டில் அவளைப் பார்த்ததும் ஹேமநாதன் எழ முயன்றான். தோளைத் தொட்டு அவனை உட்கார வைத்தாள். அவள் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒழுங்காச் சாப்பிடறது இல்லையாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு விம்மினான்.

"நாளைக்கு நானும் வரேன்," என்றாள். "அவன் கை. உன் வாய். ரெண்டையும் நடந்தபடி சொல்லுவோம். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். அவனப் பத்தி என் காதுபடப் பேசட்டும். நான் தாங்கிக்குவேன். நீ பொய் சொல்லிட்டு உள்ள போனா அதத் தாங்க மாட்டேன்."

முன்கடையில் சதாசிவம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கனவே அடுக்கியிருந்த சார்டின் டின்களை எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

இதோடு நான் கிளம்பியிருக்கலாம். கேட்ட வேலை முடிந்துவிட்டது. ஆனால் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

"அவன் கை, இவன் வாய். சரி. ரெண்டு வகைப் பெட்டிக்கு ஒரே மூடியப் போட்டு, ஆலைக்கு ஒரு வார்த்தை சொல்லாம வித்தது யாரு? தூக்க மாத்திரைய உள்ளேயே வெச்சு வித்தது யாரு? ஸ்கிரீன் உறையுதுன்னு தெரிஞ்சும் பின்னாடி நின்னு கத்தினது யாரு? அதையும் நாளைக்குக் கேளுங்க."

"அதெல்லாம் பெரிய எடம்ணே," என்றார் சதாசிவம், திரும்பாமலே. "புள்ள பொய் சொல்லாமப் போறான். அது போதும் எனக்கு."

பிச்சையம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டா என் புள்ள வருவானா ஐயா?"

"வர மாட்டாம்மா. இன்னொருத்தன் போகாம இருப்பான். எத்தனை ஆலையில இன்னும் பழைய பெட்டி தொங்குதோ, யாருக்குத் தெரியும்?"

ஹேமநாதன் தலையைத் தூக்கினான்.

"கேக்கறேன் அங்கிள். நாளைக்கு நான் கேக்கறேன்."

அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் பொய் இல்லை. நல்ல பிள்ளை. ஆனால் விசாரணை நடக்கிற அந்த ஏர்கான் அறை எனக்குத் தெரியும். கம்பெனிக்காரன் மெதுவாக, மரியாதையாக, "தம்பி, நம்பரச் சொன்னது நீங்கதானே?" என்று கேட்பான். இவன் "ஆமா" என்பான். இவள் அழுவாள். எழுதுகிறவன் அதை எழுதிக்கொள்வான். அதற்கப்புறம் யார் எதைக் கேட்டாலும் அது யார் காதிலும் விழாது. இரண்டு பேர் பழியைப் பாதி பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டால், மூன்றாவது ஆளுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

கடைப்படி இறங்கினேன்.

"அண்ணே, காடி இந்தப் பக்கம்," என்றாள் அஜீசா.

"தெரியும்."

"அப்புறம் எங்க போறீங்க?"

"கொஞ்சம் நடக்கறேன்."

அவள் பின்னாலேயே ஓடிவந்தாள். "அந்தப் பையன் கேப்பாண்ணே. பாருங்க, கண்டிப்பாக் கேப்பான். நான் அவன் கண்ணப் பார்த்தேன்."

"கேப்பான், கேப்பான்," என்று சொல்லிவிட்டு, குலை ஏற்றிய லாரிகள் போகிற சாலையின் ஓரமாக நடந்துகொண்டே இருந்தேன்.